மாதச் சந்தாவும் கைமாறும் டிஸ்க்கும்

2018 ஜனவரி 23 அன்று, மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் பிரிவை நடத்திவந்த ஃபில் ஸ்பென்சர் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். இனி தங்கள் நிறுவனம் தயாரிக்கும் ஒவ்வொரு வீடியோ கேமும், கடைக்கு வரும் அதே நாளில் ‘கேம் பாஸ்’ என்ற மாதச் சந்தாத் திட்டத்தில் சேர்ந்தவர்களுக்கும் கிடைத்துவிடும் என்றார். முதலில் வரப்போவது ‘சீ ஆஃப் தீவ்ஸ்’ என்ற கடற்கொள்ளையர் கேம். அமெரிக்காவில் அப்போது புது கேம் ஒன்றின் விலை 60 டாலர். கேம் பாஸின் மாதச் சந்தா 9.99 டாலர். சில நாட்களுக்குள் ஆஸ்திரியாவைச் சேர்ந்த கேம்வேர் என்ற விற்பனை நிறுவனம், எக்ஸ்பாக்ஸ் பொருட்களை இனி விற்கப்போவதில்லை என்று சொல்லிவிட்டது. பிரிட்டனிலும் சிறு கடைக்காரர்கள் சிலர் வெளிப்படையாகவே கோபப்பட்டார்கள்.

மைக்ரோசாஃப்ட் எங்கே, கேம்வேர் எங்கே? ஒரு கடைக்காரர் தன் அலமாரியைக் காலி செய்வதால் அந்தப் பெரிய நிறுவனத்துக்கு ஒன்றும் ஆகிவிடாது. அது அந்தக் கடைக்காரருக்கும் தெரிந்திருக்கும். ஆனாலும் செய்தியைப் படித்தவுடன் எனக்கு அந்தக் கோபம் புரிந்தது. நான் கணக்கு எழுதுகிறவன். சென்னையில் ரிச்சி தெருவை ஒட்டி கேம் டிஸ்க் விற்கும் ஒரு சின்னக் கடைக்குப் பல வருடங்களாகக் கணக்கு பார்க்கிறேன். முன்பு வாட், பிறகு ஜி.எஸ்.டி. அந்தக் கடையின் வரவுசெலவை வரி வரியாகப் பார்த்தவனுக்கு, ஐரோப்பாவில் ஒரு கடைக்காரர் எதற்காகக் கத்துகிறார் என்று தனியாக விளக்க வேண்டியதில்லை.

ஆரம்பத்தில் ஒருமுறை அந்தக் கடைக்காரரிடம் கேட்டேன். “அண்ணே, முப்பதாயிரம் ரூபா கேம் மிஷினை வித்துட்டு இவ்வளவுதானா லாபம் காட்டுறீங்க?”

“சார், மிஷின் வித்தா டீச்செலவுக்குத்தான் வரும். மிஷின் வாங்கினவன் திரும்பத் திரும்ப வருவான்ல, அதுக்குத்தான் விக்கிறேன். டிஸ்க்குதான் நமக்குச் சோறு. அதுலயும் புது டிஸ்க் இல்ல, பழசு.”

சொன்னபடியேதான் அவருடைய நோட்டும் இருந்தது. காற்பந்து கேம் ஒன்று புதிதாக வரும்போது ஏறக்குறைய நாலாயிரம் ரூபாய். அதில் கடைக்கு நிற்பது சொற்பம். வாங்கிய கல்லூரிப் பையன் இரண்டு மாதம் ஆடிவிட்டு அதே டிஸ்க்கோடு திரும்பி வருவான். கடைக்காரர் டிஸ்க்கின் பின்பக்கத்தை டியூப் லைட்டுக்கு நேராகச் சாய்த்துக் கீறல் பார்ப்பார். கவர் உடையாமல் இருக்கிறதா, உள்ளே இருக்கும் தாள் இருக்கிறதா என்று பார்ப்பார். இரண்டாயிரத்து இருநூறு கொடுத்து வாங்குவார். இரண்டாயிரத்து எழுநூறுக்கு அடுத்தவருக்குப் போகும். அந்த அடுத்தவரும் சில வாரத்தில் திரும்பி வருவார். இப்போது வாங்கும் விலை ஆயிரத்து அறுநூறு, விற்கும் விலை இரண்டாயிரம். கடைசியில் ஒரு பள்ளிக்கூடப் பையன், சேர்த்து வைத்த காசில் அறுநூறு ரூபாய்க்கு வாங்கிப் போவான். ஒரே டிஸ்க் நாலு கை மாறும். ஒவ்வொரு மாற்றத்திலும் கடைக்கு முந்நூறு முதல் ஐநூறு வரை மிஞ்சும். அதைவிட முக்கியமாக, நாலாயிரம் கொடுக்க முடியாதவனுக்கும் அந்த கேம் போய்ச் சேரும். நான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தது இந்த ஒரு விஷயத்துக்காகத்தான்.

இது சென்னையின் தனிக்கதை இல்லை. அமெரிக்காவில் கேம்ஸ்டாப் என்ற பெரிய கடைச் சங்கிலி இருக்கிறது. 2017-ல் உலகம் முழுக்க 7,000-க்கும் மேற்பட்ட கடைகள் வைத்திருந்தது. பங்குச் சந்தையில் இருக்கும் நிறுவனம் என்பதால் அதன் ஆண்டறிக்கையை யாரும் படிக்கலாம். அந்தக் காலத்தில் மிஷின் விற்றால் அதற்கு நூற்றுக்குப் பத்தை ஒட்டித்தான் மொத்த லாபம். புது கேம் விற்றால் இருபதுக்குச் சற்று மேல். பழைய கேமில் நாற்பதுக்கும் மேல். ரிச்சி தெரு நோட்டில் இருப்பதே இங்கும் இருக்கிறது, கோடிகளில். 2017 பிப்ரவரி கடைசியில் கேம் பாஸ் வரப்போகிறது என்ற செய்தி வந்த அன்றே கேம்ஸ்டாப்பின் பங்கு விலை சரிந்ததற்கும் இதுதான் காரணம்.

கேம் தயாரிக்கும் நிறுவனங்களுக்கு இந்தப் பழைய டிஸ்க் வியாபாரத்தை ஒருநாளும் பிடித்ததில்லை. அவர்கள் பக்கத்திலும் நியாயம் உண்டு. முதல் விற்பனையில் மட்டுமே அவர்களுக்குப் பணம். அதன்பின் மூன்று கை மாறினாலும் நயா பைசா வராது. ஐந்து வருடம் உட்கார்ந்து உழைத்தவருக்கு அது வலிக்கத்தான் செய்யும். 2013-ல் மைக்ரோசாஃப்ட் எக்ஸ்பாக்ஸ் ஒன் மிஷினை அறிமுகம் செய்தபோது, டிஸ்க்கை இஷ்டப்படி விற்கவும் இரவல் கொடுக்கவும் முடியாதபடி கட்டுப்பாடுகளை வைத்தது. ஆடுகிறவர்கள் கொதித்துப் போனார்கள். சோனி அதே ஜூன் மாதம் ஒரு சின்ன வீடியோ வெளியிட்டது. பிளேஸ்டேஷன் 4-ல் கேமை நண்பனோடு எப்படிப் பகிர்வது என்று அதில் செய்துகாட்டினார்கள். ஒருவர் டிஸ்க்கை நீட்டுகிறார், இன்னொருவர் வாங்கி நன்றி சொல்கிறார், முடிந்தது. சில விநாடிகள்தான். உலகம் முழுக்க அதைப் பார்த்துக் கைதட்டினார்கள். சில நாட்களில், ஜூன் 19 அன்று, மைக்ரோசாஃப்ட் தன் கட்டுப்பாடுகளை வாபஸ் வாங்கியது.

என் கணிப்பில், 2013-ல் கட்டாயப்படுத்திச் செய்ய முடியாததை 2017-ல் சலுகையாகக் கொடுத்துச் செய்துவிட்டார்கள். சந்தாவில் வரும் கேமை யாரும் விற்க முடியாது, இரவல் கொடுக்க முடியாது, பழைய விலைக்கு வாங்கவும் முடியாது. இந்தமுறை ஆடுகிறவர்கள் யாரும் கொதிக்கவில்லை, ஏனென்றால் நூறு கேமுக்கு மேல் பத்து டாலருக்குக் கிடைத்தது.

மாதக் கட்டணத்துக்கு கேம் என்ற யோசனை பழையதுதான். 1994 டிசம்பரில் அமெரிக்காவில் செகா நிறுவனம் கேபிள் டி.வி. வழியாக ‘செகா சேனல்’ தொடங்கியது. மாதம் ஏறக்குறைய 15 டாலர், மாற்றி மாற்றி ஐம்பது கேம்கள். 1998-ல் மூடிவிட்டார்கள். 2014-ல் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் தன் பழைய கேம்களை மாதம் ஐந்து டாலருக்குத் தர ஆரம்பித்தது. இவை எதுவும் கடைக்காரர்களைப் பெரிதாகப் பயமுறுத்தவில்லை, ஏனென்றால் அவற்றில் பெரும்பாலும் பழைய சரக்குதான். புது வரவு வெளிவந்த அன்றே சந்தாவில் என்று ஸ்பென்சர் சொன்னபோதுதான் கடையின் அஸ்திவாரம் ஆடியது. புது டிஸ்க் விற்கவில்லை என்றால், ஆறு மாதம் கழித்துப் பழைய டிஸ்க் எங்கிருந்து வரும்?

நம் ஊரில் வாடகை நூலகம் என்று ஒன்று இருந்தது. சென்னையில் ஈஸ்வரி லெண்டிங் லைப்ரரி போல ஓரிரண்டு இன்றும் இருக்கின்றன. சந்தா கட்டி வேண்டிய மட்டும் படிக்கலாம். கேம் சந்தாவும் அப்படித்தானே என்று என் நண்பர்கள் கேட்பார்கள். நூலகக்காரர் புத்தகத்தைக் கடையில் காசு கொடுத்து வாங்கினார். அவர் வாங்கிய பிரதிக்குப் பதிப்பாளருக்கும் பணம் போனது, விற்ற கடைக்கும் போனது. நைந்த புத்தகத்தை அவர் பழைய புத்தகக்காரரிடம் போட்டார். அங்கிருந்து அது இன்னொரு வீட்டுக்குப் போனது. கேம் சந்தாவில் இந்த வழி முழுக்க அடைபட்டிருக்கிறது. பணம் ஆடுகிறவரிடமிருந்து நேராக ஒரே நிறுவனத்துக்குப் போகிறது. அங்கிருந்து யாருக்கு எவ்வளவு என்பதை அந்த நிறுவனமே முடிவு செய்கிறது.

கடைக்காரர்களைச் சமாதானப்படுத்த மைக்ரோசாஃப்ட் ஒன்று செய்தது. 60 டாலருக்கு ஆறு மாதச் சந்தா அட்டைகளை கேம்ஸ்டாப் போன்ற கடைகளில் விற்கக் கொடுத்தது. எங்கள் கடைக்காரரும் இப்போது பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் அட்டைகள் விற்கிறார். அவற்றின் வரும்படி நோட்டில் ஒரு ஓரத்தில் இருக்கிறது. அட்டையை வாங்கியவர் அதைத் திரும்பக் கொண்டுவர மாட்டார். வீட்டிலிருந்தே போனில் கட்டலாம் என்று தெரிந்த பிறகு அட்டைக்கும் வர மாட்டார்.

கடைகள் மூடுவதற்குச் சந்தா மட்டுமே காரணம் என்று சொன்னால் அது பொய்யாகிவிடும். டவுன்லோடு செய்து வாங்குவதும் ஆன்லைன் விற்பனையும் முன்பே கடைகளை அரித்திருந்தன. இந்தியாவில் 2014 செப்டம்பரில் எக்ஸ்பாக்ஸ் ஒன் வந்தபோதே அமேசானில் மட்டும்தான் கிடைத்தது. தெருக்கடைக்காரர் அன்றே ஆட்டத்தில் இல்லை. ஆனாலும் சில செய்திகளைச் சேர்த்துப் பார்க்கும்போது நெஞ்சு கனக்கிறது. பிரிட்டனில் ‘கேம்’ என்ற பெயரிலேயே நடந்த கடைச் சங்கிலி, 2024 பிப்ரவரியோடு பழைய டிஸ்க் வாங்குவதை நிறுத்திவிட்டது. கேம்ஸ்டாப் 2024 நிதியாண்டில் மட்டும் அமெரிக்காவில் 590 கடைகளை மூடியது. அதே 2024 மே மாதம் வந்த ‘ஹெல்பிளேடு 2’ என்ற மைக்ரோசாஃப்டின் பெரிய கேமுக்கு டிஸ்க்கே போடவில்லை.

இனி ஆடுகிறவர்கள் பக்கம். என் மகள் கம்ப்யூட்டரில் ஆடுகிறவள், கேம் பாஸ் சந்தாதாரர். கல்லூரியில் படிக்கிறாள். அவளைப் பார்த்த பிறகு, சந்தாவே கூடாது என்று சொல்ல எனக்கு வாய் வராது. கடையில் ஒரு டிஸ்க் வாங்குவதற்குள் பத்து விமர்சனம் படித்து, நண்பர்களிடம் கேட்டு, கடைசியில் தெரிந்த பெயரையே வாங்குவோம். சந்தாவில் அந்தப் பயம் இல்லை. அவள் ‘ஹை-ஃபை ரஷ்’ என்ற கேமைக் கண்டுபிடித்தது அப்படித்தான். பாட்டின் தாளத்துக்கு ஏற்ப எல்லாமே அசையும் கேம் அது. கதாநாயகனின் நடை, எதிரியின் அடி, பின்னால் இருக்கும் குழாய்களின் துடிப்பு, எல்லாம் ஒரே தாளம். அவள் தாளம் தப்பாமல் அடிப்பதைப் பின்னால் நின்று பார்ப்பேன். தோளும் தலையும் சேர்ந்து ஆடும். அப்படி ஒரு கேமை நாலாயிரம் ரூபாய் கொடுத்து நாங்கள் ஒருபோதும் வாங்கியிருக்க மாட்டோம். டிஸ்க் கடையே இல்லாத ஊரில் இருக்கும் பிள்ளைகளுக்கு இது இன்னும் பெரிய வாசல். இணையம் நன்றாக இருந்தால் தூத்துக்குடியும் டோக்கியோவும் ஒன்றுதான்.

விலைக்கு வருகிறேன். கேம் பாஸ் அல்டிமேட் என்ற உயர்ந்த திட்டத்துக்கு அமெரிக்காவில் நெடுநாள் 14.99 டாலர் இருந்தது. 2023-ல் 16.99 ஆக்கினார்கள். 2024-ல் 19.99. 2025 அக்டோபரில் ஒரே தாவாக 29.99. இந்தியாவில் அதே அக்டோபரில் அல்டிமேட் மாதம் 1,389 ரூபாய் ஆனது. 449 ரூபாயாக இருந்த கம்ப்யூட்டர் சந்தா 939 ரூபாய் என்று அறிவித்தார்கள். இரண்டு மடங்குக்கும் மேல்.

அந்த அக்டோபர் விலையில் கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாதம் 1,389 என்றால் வருடத்துக்கு 16,668 ரூபாய். இந்தியாவில் அப்போது பிளேஸ்டேஷன் 5-க்கு வந்த பெரிய கேம் 4,999 ரூபாய். அந்தப் பணத்தில் மூன்று புது டிஸ்க் வாங்கலாம், மீதியும் இருக்கும். மூன்றும் ஆடி முடித்து விற்றால் பாதிப் பணமாவது திரும்பி வரும். சந்தாவில் வருடக் கடைசியில் கையில் நிற்பது சுத்தமாகப் பூஜ்யம். மாதம் மூன்று, நான்கு கேம் ஆடி முடிக்கிறவருக்குச் சந்தா இன்னமும் லாபம்தான். வருடத்துக்கு மூன்று, நான்கு ஆடுகிறவருக்கு நஷ்டம். நம்மில் பெரும்பாலோர் இரண்டாவது வகை. வேலை, படிப்பு, வீடு என்று இருக்கிறவருக்கு வாரத்தில் கிடைப்பது சில மணி நேரம். நூற்றுக்கணக்கான கேம் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தாலும் ஆடுவது இரண்டுதான்.

சோனியின் சந்தாவும் இப்படித்தான் ஏறிக்கொண்டிருக்கிறது. 2023 செப்டம்பரில் அமெரிக்காவில் பிளேஸ்டேஷன் பிளஸ் ஆண்டுச் சந்தா 60 டாலரிலிருந்து 80 டாலருக்குப் போனது. ஆனால் சோனி தன் பெரிய கேம்களை வெளியான அன்றே சந்தாவில் போடுவதைப் பொதுவாகத் தவிர்க்கிறது. முதலில் முழு விலைக்கு விற்கிறது. விற்பனை ஓய்ந்த பிறகுதான் சந்தாவுக்குக் கொண்டுவருகிறது. கடைக்கும் தயாரித்தவர்களுக்கும் மூச்சுவிட இடம் தரும் முறை இதுதான் என்பது என் தீர்மானமான கருத்து.

புது கேம்களுக்கு என்ன ஆகிறது என்ற கேள்விக்கு நேரான பதில் கிடைப்பது கஷ்டம், ஏனென்றால் ஒப்பந்தங்கள் ரகசியம். ஆனால் மைக்ரோசாஃப்ட் ஆக்டிவிஷன் நிறுவனத்தை வாங்கிய விவகாரத்தில் பல காகிதங்கள் வெளியே வந்தன. 2023 அக்டோபரில் முடிந்த அந்தப் பேரத்தின் மதிப்பு ஏறக்குறைய 69 பில்லியன் டாலர். அதை விசாரித்த பிரிட்டனின் போட்டி ஆணையம் 2023 பிப்ரவரியில் வெளியிட்ட ஆவணத்தில் ஒரு வரி இருக்கிறது. ஒரு கேமை கேம் பாஸில் சேர்த்தபின் வரும் 12 மாதங்களில் அதன் விற்பனை குறைவதைத் தன் உள் ஆய்வு காட்டுவதாக மைக்ரோசாஃப்டே அந்த ஆணையத்திடம் சொல்லியிருக்கிறது. சந்தாவில் வந்தால் விற்பனையும் கூடும் என்று அதற்கு முன் கேட்டுக் கேட்டுப் பழகியிருந்த எனக்கு, இந்த வரியை இரண்டாம் முறை படிக்க வேண்டியிருந்தது.

அதே வருடம் இந்தப் பேரம் தொடர்பான அமெரிக்க வழக்கில் தவறுதலாகப் பொதுவெளிக்கு வந்துவிட்ட மின்னஞ்சல்களில் இன்னொரு தகவல் உண்டு. எந்த கேமைச் சந்தாவுக்குள் கொண்டுவர எவ்வளவு செலவாகும் என்று 2022-ல் மைக்ரோசாஃப்ட் அதிகாரிகள் மதிப்புப் போட்டிருந்தார்கள். ‘ஸ்டார் வார்ஸ் ஜெடை: சர்வைவர்’ கேமுக்கு 300 மில்லியன் டாலர். பெல்ஜியத்தின் லாரியன் ஸ்டூடியோஸ் உருவாக்கிக்கொண்டிருந்த ‘பால்டர்ஸ் கேட் 3’ கேமுக்கு வெறும் 5 மில்லியன். 2023 ஆகஸ்டில் வந்த பால்டர்ஸ் கேட் 3 அந்த வருடத்தின் சிறந்த கேம் விருதை வாங்கியது, கோடிக்கணக்கில் சம்பாதித்தது. அது சந்தாவுக்குப் போகாமல் தனியாக விற்கப்பட்டது. ஒரு கேமின் மதிப்பை ஓர் அலுவலகத்தில் நாலு பேர் முன்கூட்டியே நிர்ணயித்தால் இப்படித்தான் தவறும். சந்தை தவறாமல் இருக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் சந்தையில், ஆடிப் பிடித்துப்போனவர் இன்னொருவரிடம் சொல்லி, அவர் போய் வாங்கும்போது அந்தக் காசு தயாரித்தவருக்குப் போய்ச் சேர்கிறது. மொத்தமாக ஒரு தொகை பேசிக் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில் அதற்கு வழியே இல்லை.

எந்த வகை கேம் சந்தாவில் பிழைக்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். ‘சீ ஆஃப் தீவ்ஸ்’ போல வருடக்கணக்கில் கூட்டமாக ஆடும் கேம்களுக்குச் சந்தா கை கொடுக்கிறது. ஆள் சேர்ந்தால்தான் அவை களைகட்டும். உள்ளே வந்தவர் உடை, கப்பல் அலங்காரம் என்று தனியாகச் செலவழிப்பார். ஒருமுறை ஆடி முடித்து வைத்துவிடும் கதை கேமுக்கு அந்த இரண்டாவது வருமானம் கிடையாது. பத்து மணி நேரத்தில் முடிகிற கேமை ஒரு மாதச் சந்தாவில் முடித்துவிட்டு வெளியேறிவிடலாம். இந்த வேறுபாட்டை யோசித்தால், வரும் வருடங்களில் எந்த மாதிரி கேமுக்கு முதலீடு கிடைக்கும் என்பதை ஓரளவு ஊகிக்க முடியும். அந்த ஊகம் எனக்குப் பிடிக்கவில்லை.

என் மகள் ரசித்த ‘ஹை-ஃபை ரஷ்’ கதைக்கு வருகிறேன். டோக்கியோவின் டாங்கோ கேம்வொர்க்ஸ் உருவாக்கியது. 2023 ஜனவரி 25 அன்று அறிவித்து, அன்றே வெளியிட்டார்கள்; அன்றே கேம் பாஸிலும் வந்தது. முப்பது லட்சம் பேர் ஆடியதாகச் சொன்னார்கள். ஒலி வடிவமைப்புக்கு விருதும் வாங்கியது. 2024 மே 7 அன்று மைக்ரோசாஃப்ட் அந்த ஸ்டூடியோவை மூடப்போவதாக அறிவித்தது. செய்தியை என் மகள்தான் சொன்னாள். “இவ்வளவு பேர் விளையாடினாங்களேப்பா, அப்புறம் ஏன் மூடுறாங்க?” என்று கேட்டாள்.

கணக்கு எழுதுகிறவனாக அவளுக்கு நான் சொன்ன பதில் இதுதான்: முப்பது லட்சம் பேர் ஆடினார்கள் என்பது தெரியும். முப்பது லட்சம் பேர் காசு கொடுத்து வாங்கினார்களா என்பது தெரியாது. சந்தாவுக்குள் வந்த பணத்தில் எந்தப் பங்கை இந்த ஸ்டூடியோவின் வரவாக எழுதுவது என்பது நிறுவனத்தின் முடிவு. டிஸ்க் விற்றால் விற்ற எண்ணிக்கையே ஒரு ஸ்டூடியோவுக்குச் சாட்சி. சந்தாவில் அந்தச் சாட்சி இல்லை. மூடியதற்குச் சந்தாதான் காரணம் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். பெரிய நிறுவனங்கள் பல காரணங்களுக்காக ஆட்களைக் குறைக்கின்றன. ஆனால் தன் உழைப்பு இவ்வளவு சம்பாதித்தது என்று நிரூபிக்க அந்தக் கலைஞர்களிடம் ஒரு எண் இல்லாமல் போனது கொடுமை. நல்லவேளையாக அந்த ஆகஸ்டிலேயே தென்கொரியாவின் கிராஃப்டன் நிறுவனம் டாங்கோவை எடுத்துக்கொண்டது. நம் ஊர்ப் பிள்ளைகள் போனில் ஆடும் பி.ஜி.எம்.ஐ. கேமின் நிறுவனம்தான் அது.

இதற்கு நேர்மாறான உதாரணத்தையும் சொல்ல வேண்டும். பிரான்ஸின் மோன்பெலியே நகரில் இருக்கும் சாண்ட்ஃபால் என்ற ஸ்டூடியோ, ‘கிளேர் ஆப்ஸ்க்யூர்: எக்ஸ்பெடிஷன் 33’ என்ற கேமை 2025 ஏப்ரல் 24 அன்று வெளியிட்டது. முதல் நாளே கேம் பாஸிலும் வந்தது. ஆனாலும் மூன்றே நாளில் பத்து லட்சம் பிரதிகள் விற்றது. 33 நாளில் 33 லட்சம். டிசம்பரில் அந்த வருடத்தின் சிறந்த கேம் விருதும் வாங்கியது. அதன் விலை 50 டாலர்தான், மற்ற பெரிய கேம்களைவிடக் குறைவு. கேம் பாஸ் இல்லாத பிளேஸ்டேஷனிலும், ஸ்டீம் என்ற ஆன்லைன் கடையிலும் ஒரே நாளில் விற்பனைக்கு வந்தது. பெயர் தெரியாத ஸ்டூடியோவுக்குச் சந்தா விளம்பரமாக அமைந்தது. விற்பனைக்கு வேறு வாசல்களும் திறந்திருந்தன. சந்தா ஒன்றே வாசலாக இருந்தால் இந்தக் கதை இப்படி முடிந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்.

பெரிய கேம்களில் அடி பலமாக விழுகிறது. 2024 அக்டோபர் 25 அன்று ‘கால் ஆஃப் ட்யூட்டி: பிளாக் ஆப்ஸ் 6’ முதல் நாளே கேம் பாஸில் வந்தது. அதனால் 300 மில்லியன் டாலருக்கு மேல் விற்பனையை மைக்ரோசாஃப்ட் இழந்தது என்று முன்னாள் ஊழியர் ஒருவரை மேற்கோள் காட்டி 2025 அக்டோபரில் ப்ளூம்பெர்க் எழுதியது. அதே மாதத்தில்தான் சந்தா ஐம்பது சதவீதம் ஏறியது. கேம் பாஸின் ஆண்டு வருமானம் ஏறக்குறைய 5 பில்லியன் டாலரை எட்டியதாக 2025 ஜூலையில் நிறுவனத் தலைவர் சத்யா நாதெள்ளா சொல்லியிருந்தார். அதே ஜூலையில் நிறுவனம் முழுக்க ஏறக்குறைய 9,000 பேருக்கு வேலை போனது; ‘பெர்ஃபெக்ட் டார்க்’ கேமைப் பாதியிலேயே கைவிட்டு, அதைச் செய்துகொண்டிருந்த ஸ்டூடியோவையும் மூடினார்கள். வருமானம் ஏறும்போதே இதெல்லாம் நடக்கிறது என்றால், ஆரம்பத்தில் நாம் கட்டிய பத்து டாலர் உண்மையான விலையாக ஒருபோதும் இருந்ததில்லை. கடைகளும் டிஸ்க்கும் பழக்கத்திலிருந்து விலகும்வரை வைத்திருந்த விலை அது. இப்படித் திட்டமிட்டார்கள் என்று என்னால் நிரூபிக்க முடியாது. விளைவு அதுதான்.

டிஸ்க் வைத்திருப்பவரும் முழுக்கப் பத்திரமில்லை. 2022-ல் வந்த ‘மாடர்ன் வார்ஃபேர் 2’ டிஸ்க்கில் இருந்தது நூறு எம்.பி.கூட இல்லை, மீதி எல்லாம் டவுன்லோடு. ‘தி க்ரூ’ என்ற கார் கேமை வாங்கியவர்கள், 2024 மார்ச் 31 அன்று யூபிசாஃப்ட் அதன் சர்வர்களை நிறுத்தியபோது ஒன்றுக்கும் உதவாத டிஸ்க்கோடு நின்றார்கள். அதிலிருந்து ஐரோப்பாவில் பெரிய மக்கள் இயக்கமே கிளம்பியது. கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி முதல் ஒரு சட்டம் அமலில் இருக்கிறது: டிஜிட்டல் பொருளை விற்கும்போது, வாடிக்கையாளருக்குக் கிடைப்பது பயன்படுத்தும் உரிமம் மட்டுமே என்றால் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். இந்தியாவிலும் அப்படி ஒரு சட்டம் வர வேண்டும் என்பது என் விருப்பம்.

கேம் மிஷின் வாங்கப்போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். டிஸ்க் போடும் வசதி உள்ள மாடலாகப் பார்த்து வாங்குங்கள். 2021-ல் இந்தியாவில் பிளேஸ்டேஷன் 5 வந்தபோது டிஸ்க் வசதி உள்ளது 49,990 ரூபாய், இல்லாதது 39,990. அந்தப் பத்தாயிரத்தைப் பழைய டிஸ்க் வாங்கி விற்பதிலேயே ஒன்றிரண்டு வருடத்தில் மீட்டுவிடலாம். சந்தாவை விடுமுறை மாதங்களில் மட்டும் கட்டுங்கள். தானாகப் புதுப்பிக்கும் வசதியை முதல் நாளே நிறுத்திவிடுங்கள். அதில் ஆடிப் பிடித்துப்போன கேம் இருந்தால், தயாரித்தவர்களுக்காக ஒரு பிரதி விலை கொடுத்து வாங்குங்கள். முடித்த டிஸ்க்கை அலமாரியில் பூட்டி வைக்காமல் உங்கள் ஊரில் மிச்சமிருக்கும் கடையில் கொண்டுபோய்க் கொடுங்கள். அறுநூறு ரூபாயோடு ஒரு பையன் அங்கே வருவான்.